முகில் விட்ட இடைவெளி

குணமணிக்கு இடுப்பு முறிந்து விழுவதுபோல் வலித்தது. குனிந்திருந்து பிளந்து, உப்புப் போட்டுத் தென்னோலைக் கிடுகில் பரப்பிய மீன் முழுவதும் மழையில் புழுத்து, காலையில்தான் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். கடலுக்குப் போக நேவி பாஸ் கொடுப்பது கிழமைக்கு ஒரு நாள். அந்த ஒரு நாள் மீன்தான் ஒரு கிழமைச் சோறு.

பாலையூற்றுச் சோதனைச் சாவடியில் வரிசை நகரவில்லை. மழை மட்டும் நிற்காமல் பெய்தது.

“மீனவர் சங்கத்துப் பலகையில ‘காத்தில ஈரமில்லை, மழை வராது’ எண்டு எழுதினவன் ஆம்பிட்டானெண்டால்… பிளந்து உப்புப் போட்டுக் காயவைப்பன்!”

குணமணி உரக்கத் திட்டியது கேட்டு முன்னால் நின்றவன் திரும்பினான். இமையில் மழைத்துளி தொங்கிற்று. நல்ல கண்கள்… அப்படித் தோன்றியதே அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

“நான்தான் எழுதினனான். பேர் இரத்தினசிங்கம். காயவைக்கிறதெண்டால் வெயில் வரவேணுமே…”

“பகிடியோ? வானத்தில சுத்துற செய்மதி பார்த்துச் சொல்லுதெண்டியளே, அதுக்குக் கண் பொட்டையோ?”

“அரைக்கண். முகிலுக்குள்ளால அதுக்குப் பார்க்க ஏலாது. முகில் விட்ட இடைவெளியில மட்டும்தான் ஈரத்தை அளக்கும். அங்க காத்து காய்ஞ்சுதான் இருக்கும். அந்த இலக்கத்தைத்தான் முழு வானத்துக்கும் எண்டு கொழும்பில இருந்து பக்ஸ் கடதாசியில அனுப்பினவை.”

“சுகமா இருக்கிறவையை மட்டும் எண்ணிப்போட்டு, ஊரில வருத்தக்காரரே இல்லையெண்டு சொல்லுற மாதிரி!”

“ஓம்… அதேதான்.”

“பலகைக்குப் பக்கத்தில ஈரத்துணி சுத்தின வெப்பமானி ஒண்டு தொங்குதே. அது என்ன சொன்னது?”

அவன் தலை குனிந்தது. “ஈரமெண்டுதான் சொன்னது. கொழும்பு இலக்கத்தை மாத்தினால் வேலை போயிடுமெண்டு… பயந்துபோனன். சங்கத்து யன்னலால உங்கட கிடுகையும் பார்த்தனான். ஆறு மாசமா ஒவ்வொரு காலமையும் உங்களைத்தான் பார்க்கிறனான்.”

“என்ர மீன் கிடக்கிறது தெரிஞ்சுமோ எழுதினனீ?”

‘நீங்கள்’ போய்விட்டது. அவன் விழிகள் நகரவில்லை.

“ஓம். உங்களில எனக்கு விருப்பம். அதைவிடப் பயம் பெரிசாப் போச்சு.”

பாழாய்ப்போன நெஞ்சு… இந்த நேரத்திலா துள்ள வேண்டும்? அதைப் பிடித்து அறையலாம்போல் இருந்தது அவளுக்கு.

“ஐசி! ஐசி!” ஆமிக்காரன் கத்தினான்.

அவனைத் தொடர்ந்து தன் அடையாள அட்டையை நீட்டியபடியே அவள் சொன்னாள்: “என்னோட சேர்த்து அஞ்சு பொம்பிளையள் மீன் புதைச்சவை. மற்ற நாலு பேரிட்டயும் போய், தெரிஞ்சுதான் எழுதினனான் எண்டு சொல்லு. அடிச்சால் வாங்கு. பிறகு வா… எனக்கும் விருப்பம்தான் எண்டதை அண்டைக்குச் சொல்லுறன்.”

அந்த விருப்பத்தை இப்போதே சொல்லிவிட்டாள் என்பது சாவடியைக் கடந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

நான்கு வீட்டு வாசலில் அவன் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் கடன்.