மூன்றாம் அத்தியாயத்தை யாரும் நம்பவில்லை

காலையில் ஆவுடைச்செல்வி பல் விளக்கும்போது, முந்தின நாள் அவள் யார் யாருக்காக வருத்தப்பட்டாள் என்று அவளுடைய நிழலி சொல்லும்.

"நேற்று இரண்டு கல்யாணங்களுக்கு வாழ்த்துச் சொன்னீர்கள். ஒரு துக்கம் விசாரித்தீர்கள். அத்தை மகளோடு இருந்த மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது."

"சரி, சரி. என் நாவலுக்குக் கருத்து வந்திருக்கா?"

நிழலி என்பது காதில் மாட்டும் கடுக்கன் அளவுக் கருவி. உங்கள் குரல், கோபம், கொஞ்சல் எல்லாம் அதற்கு அத்துபடி. உறவும் நட்பும் முறியாமல் உங்கள் பெயரில் அதுவே பேசிக்கொள்ளும். செவ்வாய்க் குடியிருப்புகளில் ஆளுக்கு ஒன்று உண்டு. ஆனாலும் தான் மட்டும்தான் அதைப் பேசவிட்டுச் சும்மா இருக்கிறோம், மற்றவர்கள் சொந்த வாயால் பேசுகிறார்கள் என்றே ஒவ்வொருவரும் நம்பினார்கள். மனுசப் புத்தி எந்தக் கிரகத்துக்குப் போனால் என்ன?

ஆவுடையின் நாவல் சரித்திரக் கதை. இருநூறு வருடங்களுக்கு முன் பூமியில், பாளையங்கோட்டையில் வாழ்ந்த ரோஸ்லின், கதீஜா என்ற இரண்டு சிநேகிதிகளைப் பற்றியது. மூன்றாம் அத்தியாயம்தான் வில்லங்கம். ரோஸ்லினின் அம்மா இறந்துபோன சேதி கைப்பேசியில் வருகிறது. கதீஜா, கண்ணீர் விடும் மஞ்சள் முகப் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அடுப்பில் கிடந்த தோசையைத் திருப்பப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். பழைய ஆவணங்களைத் துருவித் துருவிப் படித்துத்தான் ஆவுடை அதை எழுதியிருந்தாள்.

அச்சுக்கு முன் படிக்கக் கொடுத்த வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். முன்னோர்களை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்றார் ஒருவர். தோழி அழும்போது தோசையா என்று கேட்டார் இன்னொருவர். பதிப்பாசிரியர் ஞானதிரவியம் கையை விரித்துவிட்டார்.

"நம்புத மாதிரி இருக்குன்னு ஒரே ஒருத்தர் சொல்லட்டும்மா, விட்டுருதேன். இல்லன்னா நாளைக்கு அந்த அத்தியாயத்த எடுத்துருவேன்."

அதை எடுத்தால் நாவலில் என்ன மிச்சம்? பிற்பாடு அந்த இரண்டு பேரும் அழுது சேர்வதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அந்தக் கவலையில் இருந்தவளைத்தான் அன்றைக்கு வந்த கருத்து உலுக்கியது. 'மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன். எந்தத் தோழியும் இப்படிச் செய்யமாட்டாள்.' கீழே பெயர், பிரம்மசக்தி. கூடப் படித்து, ஒரே தட்டில் சாப்பிட்ட பிரம்மு!

ஆவுடைக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுரங்க ரயிலில் ஏறினாள். பிரம்மு இருப்பது அடுத்த குடியிருப்பில்தான். கடைசியாக எப்போது போனோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

கதவைத் திறந்த பிரம்மு அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி ஆவுடை, நெசமாவே நீதானா?"

"என் பொஸ்தகத்தப் பத்தி நீ அப்படி எழுதலாமாட்டி?"

"எந்தப் பொஸ்தகம்?" பிரம்மு விழித்தாள். பிறகு காதைத் தடவினாள். "இது படிச்சிருக்கும். நான் படிக்கலட்டி. மனசு ஓடல, பாத்துக்கோ."

ஆவுடைக்குச் சுருக்கென்றது. அப்படியானால் வந்த கருத்துகள் அத்தனையும் நிழலிகளுடையவை. ஒரு துக்கத்தையும் விடாமல் விசாரித்துப் பழகிய கருவிகள், பாவம், கதீஜாவை எப்படி நம்பும்? போட வந்த சண்டை மறந்து சிரிப்புத்தான் வந்தது.

"நல்ல சோலி போ. ஒன் வீட்டுக்கார அண்ணாச்சி எங்க, வேலைக்குப் போயாச்சா?"

பிரம்மு அவளையே பார்த்தாள். "அவுக செத்து ஆறு மாசமாச்சு. நீதானட்டி அன்னைக்கு விடிய விடியப் பேசிக்கிட்டிருந்த. நான் இருக்கேன், எந்திரிச்சுச் சாப்பிடுன்னு அதட்டுன. ஒன் பேச்சக் கேட்டுத்தான் ஒரு வாய் தின்னேன்."

ஆறு மாதத்துக்கு முன் நட்பைப் பற்றித்தான் ஆவுடை நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு காலையில், ஒரு துக்கம் விசாரித்தீர்கள் என்று காதில் விழுந்திருக்கும். யாருடைய துக்கம் என்று அவள் கேட்கவில்லை. இப்போது மறைத்துவிட்டால் பிரம்முவுக்கு அந்த ஆறுதலாவது மிஞ்சும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அது நான் இல்லட்டி."

"அப்பம் அன்னைக்கு என்கூட அழுதது யாரு?" என்று மட்டும் பிரம்மு கேட்டாள்.

பிரம்மு எழுந்து போய் அடுப்பில் கல்லைப் போட்டாள். மாவை ஊற்றிவிட்டு, "அந்த மூணாம் அத்தியாயத்த வாசி, கேப்போம்" என்றாள்.

ஆவுடை வாசித்தாள். மஞ்சள் முகம் அழுதது. கதீஜா தோசையைத் திருப்பினாள். பிரம்முவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தோசையைத் திருப்பினாள்.

"இதுல நம்பாம இருக்க என்ன இருக்கு? நம்ம கதைல்லா இது" என்றாள். அதையே காதைத் தொட்டுப் பதிப்பகத்துக்கும் சொன்னாள்.

நிழலி ஒரு கணம் யோசித்தது. "மன்னிக்கவும், இது தங்கள் கருத்துப்போல இல்லை. தாங்கள் தோழியை இப்படி விட்டுக்கொடுப்பவர் அல்ல. ஆகவே, நம்பும்படி இல்லை என்று திருத்தி அனுப்பிவிட்டேன்."

பிரம்மு கடுக்கனைக் கழற்றி மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆவுடையும் தன்னுடையதைக் கழற்றினாள்.

"அந்த ஞானதிரவியம் வீடு தெரியுமாட்டி ஒனக்கு? வா, நேர்லயே போயிச் சொல்லுவோம்" என்றாள் பிரம்மு. "மொதல்ல தோசையத் தின்னு."