நடந்து பழகிய துணி

திருப்பூரில் முதுகுப்பைகளைத் தைப்பதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று, இப்போது வளர்க்கிறார்கள். பூஞ்சைத்துணியில் முளைத்த பையில் பத்துக் கிலோ ஏற்றி, நடையாளிகள் நாற்பது நாள் சுமந்து நடப்பார்கள். பாரம் இழுக்கிற இடத்தில் துணி தானே இழை விட்டுத் தடிக்கும். பிறகு சூடேற்றினால் அந்த வடிவம் நிலைத்துவிடும். பழைய நைலானுக்கு இந்தச் சமர்த்து ஏது?

அன்று காலை சோதகர் நிறைமதி இழைநோக்கியில் வைத்த பையில் வலது வார் நன்றாகத் தடித்திருந்தது. இடது வாரோ சவலைப் பிள்ளை போல மெலிந்திருந்தது. அதன் அடியில் மடித்த கைக்குட்டையின் அச்சு, ஓரத்தையல் உட்படப் பதிந்திருந்தது. இதென்ன கூத்து! பையைச் சுமந்து நடந்த தெய்வானையை வரச் சொன்னாள்.

"இடது தோள்ல நோவுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். கல்லாட்டம் இருக்கறனுங்க."

"அப்பறம் கைக்குட்டை எதுக்கு வெச்சீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள். துணி கைக்குட்டையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தெய்வானையின் கண் கலங்கியது.

"மூணு மாசமா நோவுங்க. இன்னொரு பை கழிவாப் போச்சுன்னா வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க."

விதி அதுதான். நோவுள்ளவர் நடக்கவும் கூடாது, சோதிக்கவும் கூடாது, பை கோணிவிடுமாம். நிறைமதி கழிவு முத்திரையை எடுத்தாள். ஆனால் மனசு குறுகுறுத்தது. கோணல் பையைப் போட்டால்தான் எப்படி இருக்கும்? பத்துக் கிலோவோடு மாட்டிக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டாள்.

பை மாட்டும்போதெல்லாம் குத்துகிற அவளுடைய இடது தோள், இப்போது குத்தவில்லை. இரண்டு வருடமாக அவள் யாரிடமும் மூச்சு விடாத வலி அது.

"ஏனுங்க மேடம், என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னொரு சுத்து நடந்துட்டு வாரேன்."

ஒன்று மூன்றானது. திரும்பி வந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. முத்திரையைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையில் எழுதினாள்: 'ஏற்பு. இடது தோள் நோவுள்ளவர்களுக்கான புது ரகம்.'

திரை உடனே கேட்டது: 'நோவுள்ள எவர் தோளில் சோதிக்கப்பட்டது? பெயர் தேவை.'

எட்டிப் பார்த்த தெய்வானை பதறினாள். "ஐயோ, எம்பேர எழுதிப்போடாதீங்க மேடம்!"

"உங்க பேரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, நிறைமதி தன் பெயரை எழுதினாள்.