பொத்தான் போட்ட சட்டைகள்

மணிக்கட்டுப் பொத்தான்கள் இரண்டும் போட்டிருந்தன. இஸ்திரிக்காரன் முதலில் கவனித்தது அதைத்தான்.

கசங்கி வரும், உள்பக்கம் வெளியாக வரும், பையில் பேருந்துச் சீட்டோடும் பல்குத்தும் குச்சியோடும் வரும்; துணி எப்படி வந்தாலும் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு பொத்தான் விடாமல் பூட்டிக்கொண்டு, இரண்டு கைகளின் நுனியையும் இறுக்கி மூடிக்கொண்டு ஒரு சட்டை அவன் மேசைக்கு வந்ததில்லை. அப்படிப் போட்டிருந்தால் உடம்பிலிருந்து அதைக் கழற்றவே முடியாது. தலை வழியாக உருவலாமென்றால் கழுத்துப் பொத்தான் விடாது. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் பொத்தான் விட்டபோது உள்ளேயிருந்து கொஞ்சம் காற்று வெளியே வந்து அவன் முழங்கையில் பட்டது. உள்ளே பனியன் இருந்தது. கைக்குள் கை, கழுத்துக்குள் கழுத்து, மடிப்புக் கலையாமல். ஆள் மட்டும் எழுந்து போய்விட்டதுபோல.

முகர்ந்து பார்த்தான். துணிக்கு ஏதாவது ஒரு வாசனை உண்டு. சோப்பு, வேர்வை, பூட்டி வைத்த அலமாரி, சமையல் புகை என்று அந்தத் தெருவின் வீடுகளை அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இந்தச் சட்டையில் ஒன்றுமே இல்லை. தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது.

"இது யார் வீட்டு மூட்டை?"

மனைவி, கடைக்கு எப்போதும் போட்டுவரும் மஞ்சள் பூப்போட்ட சட்டையோடு, மறுகோடியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையில் இருவர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சு முட்டும். "கடைசி வீடு. ஏன், பைக்குள்ள தேளு கீளு இருக்குதா?"

"சட்டைக்குள்ள பனியன் இருக்குது."

"மனுஷன் சட்டைக்குள்ள பனியன்தான் போடுவான். நீங்கதான் அதிசயப் பிறவி, மழைக் குளிருல வெறும் உடம்போட நிக்கிறீங்க."

"அந்த ஆளு தனிக்கட்டைன்னு சொன்னே. இது வழக்கமா வர்ற அவரு அளவு இல்ல."

"சொந்தக்காரங்க வந்து போறாங்களாம். நமக்குத்தான் வர்றதுக்கும் ஆளில்ல, போறதுக்கும் ஆளில்ல. பேசாம தேய்ங்க."

தேய்த்தான். தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டான். அப்படியிருந்தும் இஸ்திரிப் பெட்டி துணியில் பட்டதும் 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவன் பெட்டியைத் தூக்கிவிட்டான். சத்தம் கொஞ்சம் தாமதித்து நின்றது.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசி வீட்டு மூட்டை வரும் நாளெல்லாம் கை வேலையில் இருக்கும், கண் மூட்டையில் இருக்கும். ஒருமுறை குண்டு மனிதருடைய கால்சட்டை வந்தது, இடுப்பில் பெல்ட் பூட்டியபடி, கால்நுனிகளில் காலுறை செருகியபடி. இன்னொருமுறை ஒரு கிழவியின் கம்பளிச் சட்டை, கைக்குள் ஒரு கைக்குட்டை மடித்தது மடித்தபடி. எதிலும் வாசனை இல்லை. வீட்டுக்காரரை அவன் நேரில் பார்த்ததே இல்லை. மூட்டை வாங்குவது, கொடுப்பது எல்லாம் மனைவி. "தங்கமான மனுஷன், வாசல்லயே நின்னு வாங்கிக்குவாரு, ஒரு வார்த்தை அதிகமாப் பேசமாட்டாரு, உங்களை மாதிரி நொய்நொய்னு இல்ல" என்பாள். சாயங்காலம் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அவன் படிக்கு வெளியே வந்து தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த வீட்டின் திரை எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே விளக்கு எரியும். விளக்குக்கும் திரைக்கும் நடுவே யாரோ நிற்பதுபோல நிழல் தெரியும். கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, அசையாமல். கொடியில் காயும் சட்டை என்று மனதுக்குச் சொல்லிக்கொள்வான். வீட்டுக்குள்ளே கொடி கட்டிக் காயப்போடுகிறவர்கள் இல்லையா என்ன.

அன்று மதியம் மனைவி சாப்பிட்டுவிட்டு வீட்டில் கண்ணயர்ந்திருந்தாள். அவன் தனியாகக் கடைசி வீட்டு மூட்டையை அவிழ்த்தான். மேலாக ஒரு நீலச் சட்டை. வலது தோளில் கட்டம் போட்ட துணியில் ஒரு ஒட்டு.

அந்த ஒட்டைப் போட்டவள் அவன் மனைவி.

தண்ணீர் கேன் போடுகிறவனுடையது அது. கேன் உரசி உரசித் தோள் கிழிந்துவிட்டது என்று அவன் வந்து நின்றபோது, அவள் பழைய பையொன்றை வெட்டி, "இனிமே தோளு தேஞ்சாலும் இது தேயாது" என்று தைத்துக் கொடுத்தாள். அவனும் "அக்கா, அப்போ தோளுக்கும் ஒண்ணு தைச்சிடு" என்று சிரித்தான். சில நாட்களாகத் தெருவுக்கு வேறு ஆள் கேன் போடுகிறான். பழையவன் எங்கே என்றால், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான் என்கிறான். பழையவன் சம்சாரம் காவல் நிலையத்தில் போய் அழுதாள் என்று கடைக்குக் கடை பேச்சு.

எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. கழற்றக் கை போகவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டினான். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அலமாரியில் தள்ளிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்றுகூடப் பார்க்காமல் காவல் நிலையத்துக்கு நடந்தான்.

ஏட்டு வெளியே போயிருந்தார். காத்திருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து தெருவையே பார்த்தான். எழுந்து நின்றால் வாசல் காவலர் முறைத்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகுதான் ஏட்டு மழைக்கோட்டை உதறிக்கொண்டு வந்தார்.

"என்ன இஸ்திரி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறே?"

சொன்னான். ஏட்டு முதலில் சிரித்தார். "பொத்தான் போட்டிருக்குதுன்னு கேஸு எழுதணுமா? என் வீட்டுல பொத்தான் இல்லைன்னுதான் தினமும் கேஸு."

"ஏட்டய்யா, வலது தோளுல ஒட்டு. கட்டம் போட்ட துணி. என் சம்சாரம் கையால தைச்சது."

ஏட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. கேன்காரன் மனைவி சொன்ன அடையாளத்தில் அந்த ஒட்டும் இருந்தது போலும். தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். "மூட்டை எங்க?"

"கடையிலதான். பத்திரமா வெச்சிருக்கேன்."

"வா."

ஏட்டு முன்னால் வேகமாக நடந்தார். மழை விட்டிருந்தது. கூரைகளில் மிச்சமிருந்த நீர் மட்டும் சொட்டுச் சொட்டாக, யாரோ பின்னால் நடந்து வருவதுபோல, இவர்கள் நின்றாலும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். விளக்கைப் போட்டான்.

அலமாரியில் மூட்டை இருந்த இடம் காலி.

குடை மாட்டும் ஆணியும் காலி.

"எங்கேய்யா?" என்றார் ஏட்டு.

அவன் காலி அலமாரியைத் தொட்டுப் பார்த்தான். முடிச்சு. அந்தக் கடையில் முடிச்சு மேலே பார்த்து இருந்தால் தேய்த்து முடிந்தது, கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அர்த்தம். கீழே பார்த்து இருந்தால் இன்னும் தொடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவே நடக்கும் பேச்சில்லாப் பேச்சு அது. அதனாலேயே அவள் எதையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை, அவனிடம் கேட்பதுமில்லை. இன்று அவசரத்தில் மூட்டையைத் தள்ளியபோது முடிச்சை மேலே வைத்துவிட்டான்.

"அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றான். "ஐயா, அவ போயிட்டா."

ஓடினார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தம், பாத்திரச் சத்தம், ஒரு பிள்ளையை யாரோ திட்டும் சத்தம். கடைசி வீட்டை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் குறைந்து, வாசலில் நின்றபோது அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது. படியோரம் அவளுடைய குடை சாய்த்து வைத்திருந்தது. அதிலிருந்து நீர் வடிந்து ஒரு கோடாக ஓடியிருந்தது. பக்கத்தில் அவள் செருப்பு. உள்ளே போனவர்கள் கழற்றி வைத்ததுபோல ஒழுங்காக இருந்தது.

வாசலிலேயே வாங்கிக்கொள்கிற மனிதர்.

"நீ இங்கயே நில்லு" என்றார் ஏட்டு. "என்ன ஆனாலும் உள்ள வராதே." இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினார். கதவு உடனே திறந்தது. யார் திறந்தது என்று தெரியவில்லை. "நல்லாயிருக்கீங்களா சார், ஒரு சின்ன விசாரணை" என்று ஏட்டின் குரல் உள்ளே போனது. கதவு மூடியது.

அவன் நின்றான். திரையைப் பார்த்தான். உள்ளே விளக்கு. நிழல் ஏதுமில்லை. காது கூர்மையாகக் கூர்மையாக வீட்டுக்குள் ஒன்றும் இல்லாதது நன்றாகக் கேட்டது. பேச்சு இல்லை. நாற்காலி இழுபடவில்லை. பூட்ஸ் காலடி இல்லை. மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான்.

திரையில் ஒரு நிழல் வந்தது. கை இரண்டும் நீட்டியபடி.

பக்கத்தில் இன்னொன்று. குள்ளமாக.

அவன் படி ஏறிவிட்டான். கதவைத் தட்டக் கை ஓங்கியபோது அது திறந்தது. மெலிந்த, நரைத்த ஒரு மனிதர். முகத்தில் பொறுமை. கையில் ஒரு மூட்டை.

"அட, நீங்களே வந்துட்டீங்களா?"

"என் வீட்டுக்காரி..."

"தங்கமான பொண்ணு." மூட்டையை அவன் கைகளில் வைத்தார். "அவசரமில்ல தம்பி. மெதுவா இஸ்திரி போடுங்க."

கதவு மூடியது. தாழ் விழுந்தது.

மூட்டை கனக்கவில்லை. படியிலேயே மண்டியிட்டு அவிழ்த்தான். மேலே காக்கி. கழுத்துவரை பொத்தான். பெல்ட் பூட்டியபடி. அதை நகர்த்தினான். அடியில் மஞ்சள் பூப்போட்ட சட்டை.

எல்லாப் பொத்தானும்.

கழுத்துக்கு மேலே, தலை இருக்கவேண்டிய இடத்தில், கூந்தல் கட்டும் கறுப்பு ரப்பர் வளையம். இரண்டு சுற்றுச் சுற்றியபடி. உள்ளே ஒரு முடிகூட இல்லை.

சட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தினான். வாசனை இல்லை. அவளுடைய எண்ணெய் வாசனை, வேர்வை வாசனை, எதுவும். ஆனால் சூடு இருந்தது. இஸ்திரிச் சூடு இல்லை. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அது.

மார்புப் பக்கம் மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது.

காற்று என்று நினைத்தான். வாசல் செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. பார்த்தே ஆகவேண்டும். உள்ளே என்ன என்று பார்த்தே ஆகவேண்டும். அவன் விரல்கள் கழுத்துப் பொத்தானுக்குப் போயின.

சட்டையின் வெறும் கை மெல்ல எழுந்து, அந்த விரல்களைத் தடுத்துப் பிடித்தது.