மழலைப்பொறியின் முதல் வாக்கியம்

மழலைப்பொறிக்கு இன்னும் ஒரு சொல்கூடத் தெரியாது. தேங்காய் அளவே இருந்த அந்தப் பேச்சு இயந்திரம், பியூலா டீச்சரின் மடியில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதில் அடிக்கடி விழுவதை வைத்தே அது தமிழ் கற்கும்; பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணையாகும். ஒரு வாரப் பயிற்சிக்குள் அதைப் பேசவைக்கும் ஆசிரியர்தான் பள்ளிக்கு எடுத்துப் போகலாம்.

பியூலாவுக்கு அது கட்டாயம் வேண்டும். அவளுடைய ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர், செங்கல் சூளை வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. பட்ட காலிலே படும் என்பதுபோல, பாளையங்கோட்டைப் பயிற்சிக்கு வந்திறங்கிய அன்றே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மற்ற ஆசிரியர்கள் தத்தம் பொறிக்கு உயிரெழுத்து, மெய்யெழுத்து, திணை, பால் என்று கொட்டித் தீர்த்தார்கள். கூடம் சந்தைக்கடையானது. தொட்டில் பழக்கம் போகுமா? நிமிடத்துக்கொருவர் "ஏய், சத்தம் போடாத!" என்று மற்றவர்களை அதட்டினார். பியூலாவோ பொறியை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா திரிந்தாள். எதிர்ப்பட்டவர்களெல்லாம் விசாரித்தார்கள்.

"என்ன டீச்சர், தொண்டை கட்டிட்டா?"

"வெந்நி குடிச்சியளா?"

தேர்வு நாளில் பயிற்றுநர் அருமைநாயகம் ஒவ்வொரு பொறியிடமும் குனிந்து, "வணக்கம் பிள்ளே" என்றார். வாரம் முழுக்கக் கத்தியதில் அவர் குரலும் கம்மிப்போயிருந்தது.

"சத்தம் போடாத!" என்றது முதல் பொறி. அடுத்ததும் அதையே சொன்னது. மூன்றாவது, "வாய்ல வெரல வை!" என்றது. ஆசிரியர்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

பியூலாவின் பொறி அவரை உற்றுப் பார்த்தது. "என்ன சார், தொண்டை கட்டிட்டா? வெந்நி குடிச்சியளா?"

அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரமா கத்துதேன். ஒருத்தரும் இப்படி ஒரு வார்த்த கேக்கலியேம்மா!" என்றார்.

பொறி பள்ளிக்கு வந்தது. சூளைப் பிள்ளைகள் பொங்கலுக்குள் அதோடு தமிழில் சண்டை போடத் தேறிவிட்டார்கள். பியூலாவுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. கல்வித்துறை அவளையே அடுத்த பயிற்சிக்குப் பயிற்றுநராக அழைத்தது. 'ஆசிரியர் பேச்சைக் குறைப்பது எப்படி?' என்பது தலைப்பு.

பொறியை மேசையில் உட்காரவைத்து, பியூலா ஒலிவாங்கியைப் பிடித்தாள். காலையில் ஆரம்பித்தவள் சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தவில்லை; எதிரே இருந்த ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை.

பொறி மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"டீச்சர், தொண்டை கட்டிரும். வெந்நி குடிங்க. அதுவரைக்கும் அவிய பேசட்டும்."