பத்து நிமிட மௌனம்

மௌனத்துக்குக் குறிப்பு எழுத எதுவும் இல்லை. அதனால்தான் மடிக்கணினித் திரையில் ஒரு பக்கம் நிரம்பியிருப்பதைக் கண்டதும் ஜஹானா முதலில் சிரித்தாள்.

கெலிஓயாவில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், ஆணியும் பெயின்டும் கலந்த மணம் பலகைத் தரையின் இடுக்குகளால் ஏறிவரும் அந்த அறையில், அவளும் கஜேந்திரனும் ஏழு மாதங்களாக மாணவர்களுக்கான ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் பேசப் பேச அது கேட்கும், குரல்களைப் பிரித்தறியும், பாடம் முடியும்போது குறிப்பைக் கையில் தந்துவிடும். எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று அதற்குப் பழக்க, ஆளில்லாத ஒரு வகுப்பறையின் ஒலி வேண்டியிருந்தது. கண்டி டவுனில் பஸ் ஹோர்ன் கேட்காத வகுப்பறை கிடைக்கவில்லை. பன்வில பக்கம் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையொன்று உண்டென்று சொல்லி, போன கிழமை கஜேந்திரன் பத்து நிமிடம் பதிவு செய்து வந்தான்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் செயலி எழுதியிருந்தது.

மூன்றாம் வகுப்பு. இடாப்பு. யோகராணி: இருக்கேன் டீச்சர். சிவனேசன்: இருக்கேன் டீச்சர். புஷ்பலதா: இருக்கேன் டீச்சர். இப்படி இருபத்திரண்டு பெயர்கள், இருபத்திரண்டு வெவ்வேறு குரல்கள். இருபத்துமூன்றாவதாகக் கஜேந்திரன். அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

புது மைக்கோடு அவன் இன்றும் அங்கேதான் போயிருந்தான். வீடியோ கோலில் அவனை அழைத்தாள். அவன் முகத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு பூசிய சுவர், ஜன்னலில் பகல் இரண்டு மணியின் பனிமூட்டம்.

"என்ன ஜஹானா மேடம், ரெண்டு நிமிஷம் ஆள விட மாட்டீங்களே."

"உங்கட பகிடிய நிப்பாட்டுங்க கஜன். பேரெல்லாம் எழுதி வெச்சி என்னைப் பயங்காட்டவா பாக்கிறீங்க?"

"என்ன பேரு?"

அவள் வாசித்தாள். மூன்றாவது பெயரில் அவன் சிரிப்பு நின்றது.

"அது எங்க கிளாஸ்," என்றான். "மலை சரிஞ்சு விழுந்தப்போ எல்லாரும் இங்கதான் இருந்தாங்க. டீச்சரும். அப்புறம் மண்ண அள்ளி, செவர பூசிப் பூட்டி வெச்சதுதான் இந்த ரூம். நான் மட்டும் அம்மை போட்டு லயத்து வீட்டுல படுத்திருந்தேன்."

"அந்த அறையிலயா நிக்கிறீங்க? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? சத்தமே இல்லாத எடம்னு நெனச்சேன்."

"மைக்கும் வேணாம் ஒண்டும் வேணாம். வெளிய வாங்க."

"நாப்பதாயிரம் ரூவா மைக்குங்க அது. சுருட்டிட்டு வந்துர்றேன்."

போனை ஜன்னல் திண்டில் சாத்தி வைத்துவிட்டு வயரைச் சுருட்டக் குனிந்தான். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது கேட்பதெல்லாம் நேராக ஜஹானாவின் மடிக்கணினிக்கு வரும். அவள் காதுக்கு வந்ததோ தகரக் கூரையில் தூறல் விழும் ஓசையும், அவனுடைய மூச்சும் மட்டும்தான். ஆனால் திரையில் எழுத்துகள் நகரத் தொடங்கின.

யோகராணி: இருக்கேன் டீச்சர்.

"கஜன், ஓடி வாங்க!"

சிவனேசன். புஷ்பலதா. வரிக்கு வரி, நிதானமாக. கீழே கடையில் யாரோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தராசுத் தட்டின் சத்தம் வேறொரு ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

கஜேந்திரன்.

அந்தப் பெயருக்கு நேரே கோடொன்று துடித்தது. காத்திருந்தது.

வயரைச் சுருட்டிய கைகள் நின்றன. அவன் மெல்ல நிமிர்ந்தான். வயர் நழுவி விழுந்தது. கரும்பலகை இருந்த சுவரைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டான்.

"வாயத் திறக்க வேணாம்! அல்லாஹ்வுக்காக, கஜன்!"

"இருக்கேன் டீச்சர்."

அவனுடைய எட்டு வயதுக் குரல்.

தூறல் சத்தம் அறுந்தது. மூச்சும் இல்லை.

படம் மட்டும் ஓடியது. மூலையில் தனியாகக் கிடந்த, பிள்ளைகள் உட்காரும் சிறிய வாங்கை நோக்கி அவன் நடந்தான். முழங்கால் நெஞ்சில் முட்ட, நடுவில் உட்கார்ந்தான். பிறகு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தான். ஒருவர் உட்கார விடுகிற அளவு. கொஞ்சம் வலப்பக்கம். இன்னும் ஒருவர். இன்னும். தோள்கள் உள்ளே ஒடுங்கின. இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குவதுபோல், குறுகிக் குறுகி.

அவன் வெள்ளைச் சட்டையின் இரு கைகளிலும், தோளிலிருந்து கீழே, ஈரச் செம்மண் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.