இரண்டு தட்டு, மூன்று தட்டு

ஞானோபா தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதைக் கேட்டு வந்த துரைசாமிக்கு அவன் முதலில் கொடுத்தது ஒரு செம்புத் தண்ணீர். அதுதான் உறுத்தியது.

புனே மாவட்டத்தின் கிழக்கு மூலையில், மூன்று வருடமாக மழை காணாத ஊர் அது. டேங்கர் வந்தால்தான் குடம் நிறையும். போன தை மாதம் இந்த நிலத்தில் நானூறு அடி போர் போட்டு, வெள்ளைப் புழுதியைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பிய போர் வண்டியில் துரைசாமியும் வேலை செய்தான். துளையிடும் ராடு ஒன்று உடைந்து அடியில் சிக்கிக்கொண்டது. ஞானோபா பணம் தராததால் கேசிங் பைப்பை உருவிக்கொண்டு போனார்கள். அவர்கள் தொழிலில் அது வழக்கம். பைப் இல்லாத குழியின் வாய் நாளடைவில் சரிந்து அகலமாகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

செம்புத் தண்ணீர் சில்லென்றிருந்தது. துருவின் வாடை அடித்தது.

“போர்ல தண்ணி வந்துருச்சா?” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டான்.

“வந்துச்சு பாவு,” என்று மராத்தியில் அண்ணன் போட்டுச் சொன்னான் ஞானோபா. “ உங்க சேஷு வந்த ராத்திரி.”

அதே வண்டியில் வேலை செய்தவன் சேஷு; இதே பாக்கிக்காகப் போன மாதம் வந்தான். திரும்பவில்லை. கசார்வாடியில் போர் வண்டி முதலாளி கோவிந்தராஜன் காலையில்கூடச் சொன்னார்: “அவனாட்டம் நீயும் காசோட திருச்செங்கோட்டுக்கு வண்டி ஏறிராத சாமி. வாங்கிட்டு வந்தீன்னாத்தான் உன்ற மூணு மாசச் சம்பளம்.” அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மனைவி பார்வதியின் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது.

“சேஷு பணம் வாங்கிட்டானா?”

“வாங்கல. தங்கிட்டான்.” ஞானோபா சிரித்தான். “நான் யாருக்கும் பாக்கி வைக்கறவன் இல்ல. மாட்ட வித்துட்டேன். விடிஞ்சதும் எண்ணித் தரேன். இனி பஸ் கிடையாது. சாப்பிடு.”

சோள பாக்ரி ரொட்டியும் மிளகாய்த் துவையலும். சாப்பிடும்போது ஞானோபா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை தோளின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்வந்தது.

மாடில்லாத கொட்டகையில் பழைய சாணி வாடைக்கு நடுவே படுத்தவனுக்கு, வெளியே காய்ந்த சோளத்தட்டைகள் காற்றில் உரசுவதும், ஓட்டுக்கு மேல் எலி ஓடுவதும், வீட்டுக்குள் யாரோ எதையோ கல்லில் நிதானமாகத் தீட்டுவதும் ஒன்றோடொன்று கலந்து கேட்டபடியே இருந்தன. தீட்டுவது நின்றது. அப்போது மண்ணுக்கடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டிங். டிங்.

கம்ப்ரசர் இரைச்சலில் பேச்சு கேட்காது. போர் வண்டிக்காரர்கள் ஸ்பேனரால் ராடில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டினால் தூக்கு. மூன்று தட்டினால் இறக்கு.

டிங். டிங்.

இந்த ஊரில் அது தெரிந்தவன் சேஷு மட்டும்தான். உயிரோடிருக்கிறான். துரைசாமி எழுந்து ஓடினான். குழியின் மேல் கிடந்த முள்ளையும் பலகைக் கல்லையும் தள்ளினான். அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது. குழியின் வாய் ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு இறங்கும் அகலத்துக்குச் சரிந்திருந்தது. கையெட்டும் ஆழத்தில் கருப்பாகத் தண்ணீர்.

“டேய் சேஷு!”

டிங். டிங்.

மண்டியிட்டுக் கையை உள்ளே நீட்டினான்.

“ஒரு ஆளுக்கு ஒரு மாசம்தான் தண்ணி நிக்குது பாவு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நேத்துலேர்ந்து எறங்குது.”

கரும்பு வெட்டும் கொய்தா அரிவாள் முதுகில் இறங்கியது. துரைசாமி புரண்டான். கையில் கிடைத்த கல்லால் ஞானோபாவின் வாயில் அடித்தான். பல் உடைந்தது. மறுபடி அடித்தான். ஞானோபா ரத்தத்தைத் துப்பிவிட்டு, விறகு பிளப்பவன்போல இடது தோளில் வெட்டினான். ஒன்று. இன்னொன்று. கை தனியாகக் கிடந்தது.

“இப்போ உள்ள சரியாப் போகும்.”

துரைசாமி கத்தினான். நாய்கூடக் குரைக்கவில்லை.

ஞானோபா இடுப்பிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தான். விரலில் எச்சில் தொட்டு எண்ணினான். எச்சிலெல்லாம் ரத்தம். கட்டைத் துரைசாமியின் சட்டைப்பையில் திணித்துப் பொத்தானையும் போட்டுவிட்டான்.

“பதினெட்டாயிரத்து அறுநூறு. கணக்குத் தீந்துச்சு.”

கால்களைப் பிடித்துக் குழிக்கு மேல் தூக்கினான்.

தலைகீழாக. மண் உதிர்ந்தது. கண்ணுக்கு நேரே கருப்புத் தண்ணீர். அதைக் கிழித்துக்கொண்டு ஊறி வெளுத்த கை ஒன்று மேலே வந்து, அவனுக்கு மிச்சமிருந்த மணிக்கட்டைப் பிடித்தது.

டிங்.

டிங்.

பிடி இறுகியது.

டிங்.