தயிராய்த் திரிந்த வெள்ளி

காலை 8.10. குடுவையைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவி இட்செல், "ஐயோ, போச்சு!" என்று அலறிவிட்டாள்.

எபாசோட்டே கீரைச் சாற்றில் வெள்ளி உப்புக் கரைசலைக் கலந்தால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் பிறந்து தேன் நிறம் வரவேண்டும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு அதில்தான் களிம்பு. வந்ததோ, தயிர் திரிந்தாற்போல் வெள்ளை வண்டல். பதினொரு மணிக்கு மொந்தெர்ரே நகரிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். தேறினால் அங்கே ஓராண்டு ஆராய்ச்சி.

"எல்லாம் உலிசெஸ் வேலை, டாக்டர்! போகாதேன்னு நேத்து சண்டை போட்டான். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழட்டி மூஞ்சியில வீசிட்டேன்."

ஆய்வகத் தலைவி அம்பாரோ, துப்புத் துலக்குவதில் எமகாதகி. தொட்டியருகே துணியில் பரப்பியிருந்த மிச்சக் கீரையைப் பார்த்தாள்.

"இதை ஆய்ஞ்சது நீயா?"

"இல்ல. நேத்து கட்டோட வெச்சுட்டுப் போனேன். காலையில இப்படி இருந்துச்சு. நீங்கதான்னு நினைச்சு அப்படியே கொதிக்க வெச்சேன்."

அம்பாரோ ஓர் இலையை முகர்ந்தாள். நூலகத்தில் வேலை பார்க்கும் உலிசெஸுக்கு ஆள் அனுப்பினாள்.

8.30. கையில் தெருக்கடை டாக்கோ ரொட்டிச் சுருளோடு வந்து நின்றான்.

"கொத்தமல்லியை ஏன்டா ஒதுக்கியிருக்க?"

"கடைக்காரன் கழுவியிருக்க மாட்டான், டாக்டர்."

"கொத்தமல்லிதான் இப்ப ரொம்ப முக்கியமா?" இட்செல் சீறினாள்.

"ஆமா. இந்தக் கீரையை எதுல கழுவின, உலிசெஸ்?"

அவன் தலை குனிந்தது. "எங்கம்மா கழுவுற மாதிரிதான். ராத்திரி இங்க வந்து, கிருமி சாகட்டும்னு குளோரின் சொட்டு விட்டு ஊறவெச்சேன். திட்டிட்டோமேன்னு மனசு கேக்கல. அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும்னு..."

"குற்றவாளி இவன்தான்," என்றாள் அம்பாரோ. "குளோரின் சொட்டுல இருக்கற உப்பு கீரையில ஒட்டிக்கிச்சு. அதைக் கண்டா வெள்ளி விடாது. சேர்ந்து வெள்ளையா அடியில உக்காந்துடும். ஆனா இட்செல், கெடுக்க வந்தவன் காம்பு காம்பா ஆய்ஞ்சு வெப்பானாம்மா?"

இட்செலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "அம்மா பிள்ளை! ஓடு, சந்தையில புதுக்கட்டு வாங்கிட்டு வா!"

ஓடினான். இம்முறை காய்ச்சி வடித்த நீரில் மட்டும் கழுவினார்கள். 10.40க்குக் குடுவை தேனாய்ச் சிவந்தது.

"தேறினா மொந்தெர்ரே போயிட்டு வா," என்றான் உலிசெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாசாமாசம் பஸ் ஏறி வந்துடுவேன்."

அவள் கையை நீட்டினாள். "மோதிரத்தைக் குடு."

"கீழே விழுந்துச்சே. கழுவிட்டுத் தர்றேன்."

"வெறும் தண்ணியிலதானே?"